வேலிக்குள் ஒரு குளம்

அண்மையில் எமது கைக்கு ஒரு மதிப்பீட்டுத் தாள் வந்து சேர்ந்தது. தோப்பூரிலே, வளைகுடா நாட்டு உழைப்பினால் எழும்பிய புதிய கல்வீடு ஒன்றின் பின்வளவில் நீச்சல் தடாகம் அமைப்பதற்கான திட்டமும் செலவுக் கணக்கும் அதில் இருந்தன. வீட்டுக்காரர் எம்மில் ஒருவரிடம் கணிதம் படித்தவர். “சேர், கூட்டல் சரியா எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க” என்று தாளை நீட்டினார். பார்த்தோம். கூட்டலிற் பிழையில்லை. கூட்டப்படாமல் விடப்பட்டவையே எம்மை உறங்கவிடவில்லை. அவற்றையும் ஒருமுறை கூட்டிப் பார்க்கவேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறோம்.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறோம். அந்த மனிதரை ஏளனஞ் செய்வது எமது நோக்கமன்று. பதினெட்டு ஆண்டுகள் பாலைவன வெயிலில் நின்றவர் அவர். அவற்றுட் சில ஆண்டுகள் ஒரு செல்வர் வீட்டுத் தடாகத்தின் அடியிற் படிந்த அழுக்கை ஒவ்வொரு காலையும் தேய்த்துக் கழுவியவர். அந்தத் தண்ணீரிலே கால் நனைக்க அவருக்கு அனுமதி இருந்ததில்லை. தாம் கழுவியது போன்ற ஒரு தடாகத்திலே தம் பிள்ளைகள் நீந்தக் காணவேண்டும் என்று ஒரு தொழிலாளி ஆசைப்பட்டால், அதைப் பார்த்துச் சிரிப்பவன் முற்போக்காளனாக இருக்கமுடியாது. எமது சண்டை அவரோடு அல்ல. அவருடைய வியர்வையை இப்படியொரு கிடங்கிலே கொட்டச் சொல்லும் நாகரிகத்தோடு.

நிற்க. தாளுக்கு வருவோம். நீளம் 10 மீற்றர், அகலம் 5 மீற்றர், சராசரி ஆழம் ஒன்றரை மீற்றர். கொள்ளளவு 75 கன மீற்றர். அதாவது 75,000 லீற்றர். அடித்தளமும் நான்கு சுவர்களும் 20 சென்ரிமீற்றர் கனத்தில் கம்பி கட்டிய கொங்கிறீற்று. ஏறக்குறைய 20 கன மீற்றர். அதற்கு 140 பை சீமெந்து, இரண்டு தொன் கம்பி, மூன்று கியூபுக்குச் சற்று அதிகமான மணல், ஆறு கியூப் சல்லி. அதன்மேல் நீர் புகாப் பூச்சு, நீல ஓடு, வடிகட்டி, பம்பு, குழாய்கள், தண்ணீருக்குள் எரியும் விளக்குகள், ஆறடிச் சுற்றுமதில், ஒரு மூலையிலே செயற்கை நீர்வீழ்ச்சி. அடிக்கோட்டின் கீழிருந்த தொகை அறுபது இலட்ச ரூபாயைத் தாண்டியிருந்தது.

எதிர்பாராச் செலவுக்கென்று ஒரு சதமும் ஒதுக்கப்படவில்லை. மண்ணைத் தோண்டும் எந்த வேலைக்கும் பத்தில் ஒரு பங்காவது கையிருப்பாக வைக்கவேண்டும் என்பது மேசன்மாரும் அறிந்த பாடம். 2022ஆம் ஆண்டை நாம் இவ்வளவு விரைவில் மறந்துவிட்டோமா? டொலருக்கு 200 ரூபாயாக இருந்த நாணயம் சில வாரங்களில் 360 ரூபாயளவுக்குச் சரிந்ததும், ஊரூராக வீடுகள் முகட்டோடு நின்றுபோனதும் நேற்றைய கதை. இந்தத் தடாகத்தின் பம்பும் வடிகட்டியும் கடல் கடந்து வரவேண்டியவை. அவற்றின் விலையை நிர்ணயிப்பது தோப்பூருமல்ல, கொழும்புமல்ல.

கட்டி முடிப்பதோடு செலவும் முடிந்துவிடும் என்று தாள் நினைக்கிறது. தடாகமோ ஒரு வாயில்லாப் பிராணி. நாள்தோறும் தீனி கேட்கும். 75,000 லீற்றரையும் எட்டு மணி நேரத்தில் ஒருமுறை வடிகட்டியூடாகச் சுழற்றியாகவேண்டும். இன்றேல் பாசி பிடித்துப் பச்சையாகிவிடும். முக்கால் கிலோவாற்றுப் பம்பொன்று எட்டு மணி நேரம் ஓடினால் நாளுக்கு ஆறு அலகு. மாதத்துக்கு 180 அலகு. எமது நாட்டின் வீட்டு மின்கட்டணத்தில் 180 அலகைத் தாண்டியதும் மிகவுயர்ந்த படி தொடங்குகிறது. வீட்டில் ஒரு விளக்கும் எரியாமலே பம்பு மட்டும் அந்தப் படியின் வாசலிற் கொண்டுபோய் நிறுத்திவிடும். குளோரின் ஒரு பக்கம், அமிலமும் காரமும் பார்த்துச் சரிசெய்யும் மருந்துகள் மறுபக்கம். கிழமைக்கு ஒருமுறை வடிகட்டியைப் பின்னோக்கிக் கழுவும்போது ஆயிரம் லீற்றரளவு தண்ணீர் வெளியே போகும். குளோரின் கலந்த அந்தத் தண்ணீர் எங்கே போகும்? தாள் மௌனம்.

இதைவிட வேடிக்கையான மௌனம் ஒன்றுண்டு. தோப்பூர் மலைநாடன்று. மகாவலி தன் கிளைகளை விரித்துக் கொட்டியாரக் குடாவை நோக்கி இறங்கும் தாழ்நிலம். வயலும் வாய்க்காலும் சூழ்ந்த மண். மாரியிலே நிலத்தடி நீர் முற்றத்தளவுக்கு ஏறிவருவதை இங்குள்ள சிறுபிள்ளையும் அறியும். துப்புரவு செய்வதற்காக அந்த வேளையில் தடாகத்தை வெறுமையாக்கினால் என்ன நிகழும் என்று நாம் கரும்பலகையிற் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 20 கன மீற்றர் கொங்கிறீற்றின் எடை 50 தொன்னுக்குச் சற்றுக் குறைவு. புறத்தே அளந்தால் இந்தத் தொட்டி பிடிக்கும் இடமோ 90 கன மீற்றருக்கு மேல். சுற்றியுள்ள நீர் நிலமட்டம் வரை நின்றால், 90 தொன்னுக்கு மேற்பட்ட விசை அதனை மேலே தள்ளும். ஆர்க்கிமிடீசைப் பத்தாம் வகுப்பிற் படித்த எவரும் மீதியை ஊகிக்கலாம்: அறுபது இலட்ச ரூபாய் தோணியாகிவிடும். வெடித்த தோணி! இதற்கு மாற்று உண்டு. அடியிலே சரளை பரப்பி வடிகுழாய் இட்டு, அழுத்தம் ஏறினால் திறந்துகொள்ளும் வால்வு ஒன்றைப் பொருத்தவேண்டும். நீர்வீழ்ச்சிக்குப் பணம் ஒதுக்கிய திட்டக்காரர் அந்த வால்வுக்கு ஒதுக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியிலே டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து, இப்பகுதி மக்கள் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு வெளியேறினர். அதற்குப் பின்னரும் இத்தகைய தாள் ஒன்று எழுதப்படுவது எமக்கு வியப்பாகவே இருக்கிறது.

அநுராதபுரத்து அபயகிரியிலே குட்டம் பொக்குண என்னும் இரட்டைத் தடாகங்கள் இருக்கின்றன. பெரியது 132 அடி நீளம், 51 அடி அகலம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்தக் கல்தச்சர்கள், வரும் நீரிலுள்ள மண் படிந்து நின்றபின் தெளிந்த நீர் மட்டுமே தடாகத்துக்குட் புகும்படி சிறு தொட்டிகளை முதலில் அமைத்தனர். அலங்காரம் பின்னர் வந்தது. எமது நவீனர்கள் அலங்காரத்திலிருந்து தொடங்குகிறார்கள்.

இவ்வளவும் ஒரு வீட்டுக்காரரின் நட்டம். அவரது நட்டத்தை அவரே தாங்குவார் எனலாம். தாங்கமுடியாதவர்களின் கணக்கு இனித்தான் வருகிறது.

தண்ணீர் எங்கிருந்து? ‘குழாய்க்கிணறு, ஒன்று’ என்கிறது தாள். ஒரு மனிதனின் மிக அடிப்படையான தேவைகளுக்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 லீற்றர் வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கீழ் அளவையே எடுத்துக்கொள்வோம். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு நாளுக்கு 250 லீற்றர். தடாகத்தை ஒருமுறை நிரப்பும் நீர் அக்குடும்பத்துக்கு 300 நாட்களுக்குப் போதும். அதோடு முடிந்ததா? திருகோணமலைக் கரையின் கோடை வெயிலில், கச்சான் காற்றும் வீசும்போது, திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியாவது சாதாரணம். 50 சதுர மீற்றர்ப் பரப்பில் அது 250 லீற்றர். அந்தக் குடும்பத்தின் ஒருநாட் தண்ணீரை இந்தத் தடாகம் ஒவ்வொரு நாளும், எவரும் அதில் இறங்காமலே, வானத்துக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும். மழை நிரப்பிவிடாதா என்று கேட்பவர்கள் வடகீழ்ப் பருவமழை எந்த மாதங்களிற் பெய்கிறது, கிணறுகள் எந்த மாதங்களில் வற்றுகின்றன என்று தம் வீட்டுப் பெண்களைக் கேட்கட்டும். குடத்தோடு கிணற்றடியில் நிற்பவர்கள் அவர்களே.

“என் காணி, என் காசு, என் கிணறு” என்பது இதற்குச் சொல்லப்படும் மறுமொழி. காணிக்கு வேலி உண்டு. நிலத்தடி நீருக்கு எங்கே வேலி? ஆழக் குழாயிட்டு இயந்திரத்தால் உறிஞ்சுபவனின் கிணறும், கயிறும் வாளியுமாக நிற்கும் அயலவளின் கிணறும் மேலே இரண்டு, கீழே ஒன்று. முதலில் வற்றுவது எது என்பதற்கு விஞ்ஞானம் படிக்கவேண்டியதில்லை. கடலுக்கு அணித்தான நிலத்தில் அளவு மீறி இறைத்தால் வற்றுவதற்கு முன் உவரும் ஏறும்.

தண்ணீர் தனியுடைமை என்னும் இந்த எண்ணம் எமது மண்ணுக்கு அந்நியமானது. கிழக்கின் வயல்களிலே வட்டவிதானை என்றொருவர் இருக்கிறார். எந்த வயலுக்கு எந்த நாள் எத்தனை நேரம் துருசு திறப்பது என்பதை விவசாயிகள் கூட்டத்தின் முடிவுப்படி பங்கிடுபவர் அவர். பெரும்போகத்துக்கு எவ்வளவு, சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைப்பது என்பவை கூடிப் பேசித் தீர்க்கப்படுபவை. அந்த முறையிலே பெரிய காணிக்காரரின் சலுகையும் உண்டு, ஓரவஞ்சனையும் உண்டு. அதனை நாம் பொற்காலமாகப் பாடவில்லை. ஆயினும் தண்ணீர் பங்கிடப்படவேண்டிய பொருள் என்ற ஓர் ஒப்புதலாவது அங்கே இருந்தது. பின்வளவுத் தடாகம் அந்த ஒப்புதலைக் கிழித்தெறிகிறது.

இந்தப் பகுதி மக்களுக்குத் தண்ணீரின் பொருளைப் புத்தகத்தில் தேடவேண்டிய நிலையும் இல்லை. 2006 ஜூலையில் மாவிலாற்றுத் துருசை விடுதலைப் புலிகள் மூடினர். அரசு படைகளை அனுப்பியது. ஓகஸ்ட் முற்பகுதியில் போர் மூதூரையும் தோப்பூரையும் வந்தடைந்தது. பல்லாயிரம் மக்கள் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு கந்தளாய்ப் பக்கம் ஓடினர். அதே நாட்களில், பட்டினிக்கு எதிரான பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் உள்ளூர் ஊழியர் 17 பேர் மூதூரிலே சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆழிப்பேரலைக்குப் பின் இம்மக்களுக்கு நீர் வசதியும் சுகாதார வசதியும் செய்துகொடுக்கும் பணியில் இருந்தவர்கள் அவர்கள். ஒரு துருசின் பெயரால் மீண்டும் மூண்ட போர் 2009 வரை ஓயவில்லை. அந்த மண்ணிலே நின்றுகொண்டு ‘என் தண்ணீர்’ என்று சொல்வதற்கு ஒருவருக்கு நாக்கூச வேண்டும்.

இது தோப்பூரின் நோய் மட்டுமன்று. கிரேக்க நாடு கடனில் மூழ்கிய 2010ஆம் ஆண்டில், ஏதென்சின் செல்வர் வாழும் வடபுறநகர்களில் வரிப்பத்திரத்தில் ‘எமக்குத் தடாகம் உண்டு’ என்று ஒப்புக்கொண்ட வீடுகள் 324. அரசாங்கம் செய்மதிப் படங்களை எடுத்துப் பார்த்தபோது தெரிந்த தடாகங்கள் 16,974! நாட்டின் கடனுக்காக ஓய்வூதியக்காரனின் பணத்தில் வெட்டு விழுந்துகொண்டிருந்த காலம் அது. தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் 2018இல் குழாய்கள் வற்றும் நாள் எண்ணப்பட்டது. ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லீற்றர் என்று கட்டளை பிறந்தது. அந்நகரைப் பற்றி 2023இல் வெளிவந்த ஆய்வொன்று, மக்களில் 14 வீதத்துக்கும் குறைவான செல்வரும் உயர் நடுத்தர வகுப்பினருமே நகரின் நீரில் பாதிக்கு மேற் பயன்படுத்துகின்றனர் எனக் கணித்தது. அவர்களது தோட்டங்களும் தடாகங்களுமே அதைக் குடிக்கின்றன. வறட்சி என்பது வானம் செய்கிற வேலை மட்டும் என்று இனியும் மாணவர்களுக்குக் கற்பிக்கவேண்டாம்.

மதிப்பீட்டிலே எம்மை மிக உறுத்திய வரி எதுவென்றால், அந்த ஆறடிச் சுற்றுமதில். வேலி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. திறந்து கிடக்கும் தடாகம் அயற்குழந்தைகளுக்கு எமன். ஆனால் மதில் கட்டப்பட்டபின் தண்ணீருக்கு ஓர் உள்ளும் ஒரு வெளியும் உண்டாகிவிடுகின்றன. 1927 மார்ச்சில் மகாட் நகரின் சவுதார் குளத்தில் அம்பேத்கர் ஒரு கை நீர் அள்ளிக் குடித்ததற்காகத் தலித் மக்கள் தாக்கப்பட்டனர். 1964 ஜூனில் அமெரிக்காவின் சென் ஓகஸ்டீன் நகரிலே, ஒரு விடுதித் தடாகத்தில் கறுப்பின இளைஞர்கள் இறங்கியபோது விடுதிக்காரர் அதே நீரில் அமிலத்தை ஊற்றினார். யாழ்ப்பாணத்துக் கிணற்றடிகளின் கதை எமது வாசகர்களுக்குத் தெரிந்ததே. உள்ளே நிற்பவன் வெளியே நிற்பவனை எப்படிப் பார்ப்பான் என்பதற்கு இவ்வளவு சாட்சி போதும். வளைகுடாவிலே மதிலின் வெளிப்புறத்து மனிதனாக இருந்தவர் தம் ஊரில் மதில் எழுப்பத் துடிக்கிறார். இதிலுள்ள துயரம் எமக்கு விளங்குகிறது.

ஒரு வாதத்துக்கு மட்டும் நாம் தலைகுனிந்து மறுமொழி சொல்லவேண்டும். “சேர், என்ட புள்ளைகள் நீந்தப் பழகவேணும். குறிஞ்சாக்கேணிய மறந்திட்டீங்களா?” என்று அவர் கேட்டார். மறக்கவில்லை. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, கிண்ணியா குறிஞ்சாக்கேணியிலே பாலம் கட்டி முடியாத காரணத்தால் மக்களை ஏற்றிச் சென்ற இழுவைப்பாதை கவிழ்ந்தது. பள்ளிக்குப் புறப்பட்ட சிறுவர் உட்பட ஆறு பேர் அன்றே மாண்டனர். கண்ணுக்கெட்டும் தூரத்திற் கரை. பாலத்தை இழுத்தடித்தவர்களின் குற்றம் ஒருபுறம் இருக்கட்டும். கடலும் களப்பும் கங்கையும் வாய்க்காலும் சூழ்ந்த ஒரு மாவட்டத்தில், எத்தனையோ பிள்ளைகள் நீந்தத் தெரியாமலே பத்தாம் வகுப்பைக் கடந்துவிடுகிறார்கள். கல்விக்காரராகிய எமது வெட்கம் அது. பாடத்திட்டத்தில் எத்தனையோ இருக்கின்றன. உயிரைக் காக்கும் இந்த ஒன்றுக்கு நேரமில்லை. பெண்பிள்ளைகளின் நிலையைச் சொல்லவே வேண்டாம்.

ஆக, நீச்சல் ஆடம்பரமன்று, அத்தியாவசியம். அதனாலேயே அது ஒரு வீட்டின் மூன்று பிள்ளைகளுக்கு மட்டும் உரியதாக இருக்கமுடியாது என்கிறோம். அன்று பாதையில் ஏறிய பிள்ளைகளுள் எவரது வீட்டில் தடாகம் கட்டும் பணம் இருந்தது?

ஏழை நாடாகிய வங்காளதேசம் இதற்கு ஒரு வழி காட்டியிருக்கிறது. ஊர்க்குளங்களிலேயே மூங்கிலால் ஒரு சட்டமும், தண்ணீருக்குள் குறித்த ஆழத்தில் ஒரு மூங்கில் தட்டும் அமைத்து, பயிற்றப்பட்ட ஊர் இளைஞரையும் பெண்களையும் கொண்டு இலட்சக்கணக்கான சிறுவருக்கு நீச்சல் கற்பித்தார்கள். கற்ற பிள்ளைகளிடையே மூழ்கிச் சாவது பெருமளவு குறைந்ததென ஆய்வுகள் காட்டின. பள்ளிவயதுச் சிறுவருக்கு அடிப்படை நீச்சல் கற்பிக்கவேண்டுமென்று உலக சுகாதார நிறுவனமும் கூறுகிறது. நீல ஓடு இல்லை, பம்பு இல்லை, 180 அலகு மின்சாரம் இல்லை.

“எங்கட குளத்தில முதலை கிடக்கே” என்றார் நண்பர். நியாயமான பேச்சு, மகாவலியோடு முதலையும் வரும். மாத்தறையில் நில்வளா கங்கையோரம் குளிக்கும் மக்களுக்காக நீருக்குள் கம்பி அடைப்புகள் கட்டியிருக்கிறார்கள். இரண்டு தொன் கம்பி தடாகத்துக்கென்றே தாளில் எழுதப்பட்டிருக்கிறது. அதில் ஒரு பங்கு போதுமே! தூர் வாரிய ஒரு குளம், முதலை புகாத ஓர் அடைப்பு, படித்துறை, பெண்பிள்ளைகளுக்கென மறைப்புள்ள ஒரு பகுதியும் தனி நேரமும், மாதச் சம்பளத்தோடு ஆணொருவரும் பெண்ணொருவருமாக இரண்டு பயிற்றுநர். இவற்றுக்கு அறுபது இலட்சம் வேண்டியதில்லை என்பதை அதே தாளின் பின்புறத்திற் கணக்கிட்டுக் காட்டினோம். ஆனால் ஒரு தொழிலாளியின் சேமிப்பைக் கேட்டு வாங்கி இதைச் செய்துவிட்டு, பிரதேச சபையும் கல்வித் திணைக்களமும் கைதட்டிக்கொண்டு நிற்பதற்கு நாம் உடன்படமாட்டோம். செய்யவேண்டியது அரசு. குடிநீர்க் குழாய்க்கும், பாலத்துக்கும், பள்ளிக்கூட நீச்சலுக்கும் வரிப்பணம் ஒதுக்கப்படாத இடத்திலேதான் ஒவ்வொரு வீடும் தனக்கென ஒரு குழாய்க்கிணறு, தனக்கென ஒரு தண்ணீர்த் தொட்டி, தனக்கென ஒரு குளம் என்று ஓடத் தொடங்குகிறது. ஓட முடிந்தவர் ஓடுகிறார். முடியாதவர் வாளியோடு நிற்கிறார்.

தாளைத் திருப்பிக் கொடுத்தபோது அதிலே மூன்று வரிகளைச் சேர்த்திருந்தோம்: அடிவால்வு, எதிர்பாராச் செலவு பத்து வீதம், அயலவர் கிணறு. முதலிரண்டுக்கும் நேரே தொகை எழுதினோம். மூன்றாவதன் நேரே இடம் வெறுமையாக விட்டோம். அவர் நெடுநேரம் அந்த வெறுமையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாளை மறுபுறம் புரட்டி, “இந்த மூங்கில் கணக்கு மெய்தானா சேர்?” என்று கேட்டார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் முன்றலிலே நாலு பேரோடு கதைத்துப் பார்ப்பதாகச் சொல்லிச் சென்றார்.

பின்வளவிலே முளையடித்துக் கயிறு கட்டிய இடம் இன்னும் அப்படியே கிடக்கிறது. கயிற்றுக்குள்ளே புல் முளைத்திருக்கிறது.